கலிமா அக்கா ஆடிய பத்து நிமிடம்

என் அக்கா கலிமாவின் கணவர் தெமிர்குல் அத்தான், எங்கள் ஊரான கரகோலிலிருந்து பலிக்சிக்கு இஸிக்-குல் ஏரியின் தென்கரைச் சாலையில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓட்டும்போது பாடுவார். பின் இருக்கையில் தூக்கம் கலைந்தவர்கள் சத்தம் போட்டால், "தூங்கணும்னா வீட்டுலயே இருந்திருக்கலாமே" என்பார். என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது. மச்சினி என்கிற உரிமையில் 'குட்டை' என்றுதான் கூப்பிடுவார். நானும் அவர் வழுக்கையை விட்டு வைத்ததில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு ஞாபகம் கழல ஆரம்பித்தது. முதலில் சாவி வைத்த இடம். அப்புறம் தெருப் பெயர். அப்புறம் கஸானில் வேலை பார்க்கும் ஒரே மகளின் முகம். போனதற்கு முந்தின நவம்பரில் ஒரு காலை, டீ கொண்டு வந்த அக்காவைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டு அம்மா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அக்கா எனக்குப் போன் செய்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ரேடியோவில் ஒரு வரி வந்தால் அடுத்த வரி அவர் வாயில் தயாராக இருக்கும். "அது கடைசியாத்தான் போகும்" என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்ன பேச்சு. அக்கா அதை மருந்துச் சீட்டு மாதிரி மடித்து மனதில் வைத்துக்கொண்டாள்.

போன வருடம் ஜூலை கடைசியில் தென்கரையில் இரண்டு நாள் இசைவிழா நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவள் மகளிடம் சொல்லி மூன்று டிக்கெட் எடுக்க வைத்தாள்.

"நீயும் வரணும் பூபுஷ். நான் கழிப்பறைக்குப் போனா அவரை யாராவது பிடிச்சுக்கணும்ல."

நான் பல் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் சனிக்கிழமை. ஏரிக்கரைப் புல்வெளியில் கூடாரங்கள், யூர்த்து என்கிற வட்டக் கம்பளி வீடுகள், மீன் பொரிக்கிற புகை, எங்கே பார்த்தாலும் இளசுகள். எங்கள் வயதுக்காரர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தார்கள். மதியம் சின்ன மேடையில் கோமுஸ் வாசித்த நான்கு பெண்களை அத்தான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று தந்திகளில் விரல்கள் குதிரை மாதிரி ஓடின. கடைசிப் பெண் கோமுஸைத் தலைக்கு மேல் தூக்கி வாசித்தபோது அத்தான் என் முதுகில் ஓங்கித் தட்டினார். வலித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் பெரிய மேடையில் எர்னிஸ் ஏறினார். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த பாடகர், அறுபதைத் தாண்டியவர். எங்கள் இளமையில் எந்த நடன அரங்குக்குப் போனாலும் அவர் பாட்டுதான். அக்காவும் அத்தானும் அந்தப் பாட்டுகளில்தான் ஒருவர் கையை ஒருவர் முதன்முதலாகப் பிடித்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் கோட்டுகளைக் காவல் காத்தேன்.

பட்டாளத்திலிருந்து கடிதம் எழுதுகிறவனின் பாட்டை எர்னிஸ் எடுத்தார். அத்தான் இரண்டாவது வரியிலேயே சேர்ந்துகொண்டார். அந்தப் பழைய குரல், பஸ்ஸில் கடைசி இருக்கை வரைக்கும் எட்டிய குரல். பக்கத்திலிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்து விலகி இடம் விட்டார்கள். அத்தான் அக்காவின் இடுப்பில் கை வைத்தார். நாலு அடி எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"கலிமா, காலை மிதிக்காத."

எட்டு மாதத்தில் முதல் தடவை. அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அவர் விடவில்லை. சுற்றிக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"என்ன குட்டை, உனக்கு இன்னும் யாரும் மாட்டலையா?"

"மாட்டினவனும் ஓடிப்போயிட்டான் அத்தான். உங்க மண்டை வெளிச்சத்துல கண்ணு கூசுதாம்."

அவர் சிரித்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் எங்களோடு இருந்தார். மகள் எப்படியிருக்கிறாள் என்று கேட்டார். அக்காவின் கைவிரலைப் பிடித்து, மோதிரம் ஏன் இறுக்குகிறது என்று கேட்டார். பிறகு மேடை காலியானது, கூட்டம் நகர்ந்தது, அவர் முகத்திலிருந்து அந்த ஆள் மெல்ல இறங்கிப் போய்விட்டார். "நாம எந்த ஊர்ல இருக்கோம்?" என்று யாரையோ பார்த்துக் கேட்டார்.

மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது அக்கா அவருக்கு முகம் மழித்து, சலவைச் சட்டை மாட்டி, வெள்ளைக் கல்பாக் தொப்பியும் வைத்து உட்கார வைத்திருந்தாள். எர்னிஸ் மூன்று மணிக்கு மறுபடியும் பாடுகிறார். அதுவரைக்கும் அத்தானைப் பாட்டிலேயே ஊற வைத்தால் மூன்று மணிக்கு அவர் நிச்சயம் வந்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

பத்து மணியிலிருந்து அவரை இழுத்துக்கொண்டு அலைந்தாள். சின்ன மேடை, பெரிய மேடை, மறுபடி சின்ன மேடை. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு மேடையிலும் கூட்டத்தைப் பிளந்து முன்வரிசைக்கு அவரைக் கொண்டுபோய், பாட்டைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். உதடு அசைகிறதா, கால் தாளம் போடுகிறதா என்று. ஒன்றும் அசையவில்லை.

"வீட்டுக்குப் போகலாம்" என்றார் அத்தான்.

"போகலாம். இன்னும் ஒரே ஒரு பாட்டு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். "வீட்டுக்குப் போகணும்மா."

"அக்கா, அவரு தள்ளாடுறாரு. கூடாரத்துல ஒரு மணி நேரம் படுக்கவாவது விடேன்" என்றேன்.

அவள் என்னை இழுத்து ஓரமாக நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை போல.

"உனக்கு என்னடி தெரியும்? நேத்து ஒரு மணி நேரம் எனக்குப் புருஷன் இருந்தான். ஒரு மணி நேரம். நீ பார்த்தல்ல? இன்னிக்கும் வருவாரு. வந்துதான் ஆகணும்."

மூன்று மணிக்கு பெரிய மேடைக்கு முன்னால் நின்றோம். எர்னிஸ் வந்தார். கூட்டம் ஓவென்று கத்தியது. அதே வாத்தியங்கள், அதே பாட்டுகள். அத்தான் மேடையைப் பார்க்கவே இல்லை. தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் காதில் வாய் வைத்து ஒவ்வொரு வரியாகப் பாடினாள். கையைப் பிடித்து உலுக்கினாள். "பாடுங்க. பாடுங்களேன்." அவர் தோள்கள் குறுகின. தப்பு செய்த பிள்ளை அடிக்குப் பயந்து நிற்பதுபோல் நின்றார். அக்கா கை ஓங்கிவிடுவாளோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

என்னால் பார்க்க முடியவில்லை. "குடிக்க வாங்கிட்டு வர்றேன்" என்று அக்காவின் காதில் கத்தினேன். போகிற போக்கில் அத்தானின் தோளைத் தொட்டுவிட்டு நடந்தேன். பாவமாக இருந்தது, தொட்டேன், அவ்வளவுதான்.

என் பின்னாலேயே அவர் வந்திருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவோ, நான்தான் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

மக்சிம் என்கிற தானியப் பானம் விற்கிற பெண்ணிடம் வரிசை நீளமாக இருந்தது. மூன்று கோப்பைகளைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது அக்கா ஆடிக்கொண்டிருந்தாள். தலைத்துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. கண்கள் மூடியிருந்தன. கைகளை விரித்து, தன் ஐம்பத்தி நாலு வயதையும் அந்த எட்டு மாதத்தையும் எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு, எர்னிஸின் குரலோடு சுழன்றுகொண்டிருந்தாள். பக்கத்துப் பெண்பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். அக்கா இப்படி ஆடி நான் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று.

அவளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தின் மறுபக்கம் ஒரு வெள்ளைக் கல்பாக் தெரிந்தது. அவர் அங்கே நிற்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு நானும் கை தட்டினேன். எர்னிஸின் அக்கார்டியன் என் அடிவயிறு வரைக்கும் இறங்கியது. இரண்டு பாட்டு போயிற்று.

அக்கா மூச்சு வாங்க நின்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் என் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அவரு எங்கடி?"

"உன்கூடத்தானே இருந்தாரு?"

"நீதானே கூட்டிட்டுப் போன."

மறுபக்கம் தெரிந்த கல்பாக்குக்கு அடியில் வேறு யாரோ ஒரு முகம் இருந்தது.

முதலில் ஓடவில்லை. பக்கத்தில்தான் இருப்பார் என்று வேகமாக நடந்தோம். பிறகு ஓடினோம். கழிப்பறைகள், சாப்பாட்டுக் கூடாரங்கள், கார் நிறுத்தம். அக்கா ஒவ்வொரு கழிப்பறைக் கதவையும் தட்டி அவர் பெயரைக் கூப்பிட்டாள். வெள்ளைத் தொப்பி போட்ட ஆண்கள் அன்றைக்கு நூறு பேராவது இருந்தார்கள். ஒவ்வொருவர் தோளையும் பிடித்துத் திருப்பினோம். "நிதானமா பாருங்கம்மா, குடிச்சிட்டு எங்கயாவது படுத்திருப்பாரு" என்றான் ஒருவன். அக்கா அவனுக்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை.

பிறகு ஏரிக்கரைக்குப் போனோம்.

கூழாங்கல்லில் தண்ணீரோரமாக ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு இருந்தது. அத்தானுடையதைப் போலவே. அக்கா அதைக் கையில் எடுத்தாள். ஏரியைப் பார்த்தாள். அந்த நீலத்துக்கு முடிவே இல்லை. அவள் பாவாடையோடும் காலணியோடும் இறங்கிவிட்டாள். நான் கத்தியது அவள் காதில் விழவில்லை. முழங்கால், இடுப்பு, மார்பு. "தெமிர்குல்" என்று கூப்பிட்டுக்கொண்டே கைகளால் தண்ணீரைத் துழாவினாள், அவர் அங்கேயே அடியில் எங்கேயோ உட்கார்ந்திருப்பதுபோல. காவலுக்கு நின்ற ஆள் விசில் ஊதிக்கொண்டே பாய்ந்து அவளை இழுத்து வந்தான். குளித்துக்கொண்டிருந்த ஒரு தடியன் கரையேறி, "அது என் செருப்பு" என்றான்.

அக்காவைக் காவலாளியிடம் விட்டுவிட்டு நான் மேடைப் பக்கம் ஓடினேன். காதில் கருவி மாட்டிய ஜாங்கில் என்ற பெண் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டு முடியட்டும் அக்கா. அறிவிச்சிடலாம்."

"அவருக்கு ஞாபகம் இல்லம்மா. எல்லாம் மறந்துபோச்சு. ஏரி பக்கத்துல இருக்கு."

"இன்னும் ரெண்டே பாட்டுதான். நேரடியா ஒளிபரப்பு போயிட்டிருக்கு. என்னால நிறுத்த முடியாதுக்கா, என்னைத் திட்டாதீங்க."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே அக்கா என்னைத் தாண்டிப் போனாள். காவலாளியை உதறிவிட்டு வந்திருக்கிறாள். உடம்பு முழுக்கத் தண்ணீர் சொட்ட, பக்கவாட்டுப் படியில் ஏறி, விளக்குகளுக்கும் ஒயர்களுக்கும் நடுவே நேராக எர்னிஸிடம் போய் நின்றாள். இரண்டு பேர் பிடிக்க ஓடி வந்தார்கள். எர்னிஸ் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அவர் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார்.

"என் வீட்டுக்காரரைக் காணோம்" என்றாள் அக்கா. அவள் குரல் ஏரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "பேரு தெமிர்குல். ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டாரு. அவருக்கு அவர் பேரு தெரியாது."

எர்னிஸ் குனிந்து கேட்டார். "அவருக்கு என்னதாம்மா தெரியும்?"

"உங்க பாட்டு தெரியும். கடிதப் பாட்டு. எல்லா வரியும் தெரியும்."

எர்னிஸ் கூட்டத்தைப் பார்த்தார். "மக்களே, ஒரு உதவி. இப்ப நான் வாசிக்கப்போறேன், பாட மாட்டேன். நீங்களும் பாடாதீங்க, கை தட்டாதீங்க. உங்க பக்கத்துல ஒரு பெரியவர் பாடினா மட்டும் கையைத் தூக்குங்க."

நாலாயிரம் பேர் இருந்திருப்பார்கள். சத்தமே இல்லை. எங்கேயோ ஜெனரேட்டர் உறுமியது, ஒரு குழந்தை அழுது நின்றது. எர்னிஸ் அக்கார்டியனை விரித்தார். அந்த மெட்டு தனியாக, துணையில்லாமல், எங்கள் தலைகளுக்கு மேல் போயிற்று. எல்லாரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். நான் மேடையோரத்திலிருந்து அந்தத் தலைகளையே பார்த்தேன். ஒரு கை எழுந்தால் போதும்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. எந்தக் கையும் எழவில்லை.

மூன்றாவது சரணத்தில் அக்கா தானே பாட ஆரம்பித்தாள். குரல் கிழிந்திருந்தது, சுருதி எங்கேயோ போயிற்று. அது பாட்டாகவே இல்லை, தொலைந்த ஆட்டை மலையில் நின்று கூப்பிடுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்திக் காத்தாள், அடுத்த வரி கூட்டத்திலிருந்து வந்துவிடும் என்று. வரவில்லை. பாட்டு முடிந்தது. எர்னிஸ் அக்கார்டியனை மூடினார். அக்கா மேடையிலேயே, அந்த ஒயர்களின் மேல், உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அன்றைக்குப் பாட்டு இல்லை. யாரும் சொல்லாமலே கூட்டம் அவரைத் தேடப் பிரிந்தது. ஒரு பகுதி கரையோரம், ஒரு பகுதி புதர்கள், ஒரு பகுதி கூடாரம் கூடாரமாக. ஜாங்கில் காதுக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதுகொண்டே ஓடினாள். மீட்புப் படகு ஒன்று கரைக்கு இணையாக மெதுவாகப் போய்வந்தது. அந்தப் படகு நிற்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா யார் போர்த்திய கோட்டையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் ஆடினேன்" என்று ஒரு தடவை சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்தேன். என்னுடைய கையும் அன்றைக்குத் தட்டிய கைதான்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு வேன்காரர் தேடி வந்தார். சாயங்காலம் அந்தச் சாலையில் ஆட்களை ஏற்றிப் போனவர். ஒளிபரப்பைப் பார்த்த மனைவி போனில் விஷயத்தைச் சொன்னதும் வண்டியைத் திருப்பியிருக்கிறார்.

"ஆறு கிலோமீட்டர் தள்ளி ஆப்ரிகாட் விக்கிற இடத்துல ஒருத்தர் நிக்கிறாரு. என் வண்டியை நிறுத்தி, 'பத்து நிமிஷம்தான், யாரும் தூரமாப் போயிடாதீங்க, பஸ் கிளம்பிடும்'னு என் பயணிகளை அதட்டினாரு. தமாஷ்னு நினைச்சிட்டேன்."

அவர் வேனிலேயே போனோம். அக்கா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தையே பார்த்து வந்தாள்.

சாலையோரம் வாளி வாளியாகப் பழம். நடுவே கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அத்தான் உட்கார்ந்து ஆப்ரிகாட் தின்றுகொண்டிருந்தார். பழக்காரி தன் துண்டை நனைத்து அவர் தலையில் போட்டிருந்தாள். சாலிகா என்று பெயர் சொன்னாள். அவர் பஸ் ஓட்டிய நாளில் அங்கே நிறுத்தித்தான் டீ குடிப்பாராம். அவளுக்கு அவரை நினைவிருந்தது.

"பஸ் பழுதாயிடுச்சு, பயணிங்க காத்துட்டிருக்காங்கன்னாரு. எனக்கு ஒரு மாதிரி இருந்துது. விடாம பிடிச்சு உக்கார வச்சேன்" என்றாள்.

அக்கா அவர் எதிரில் போய் நின்றாள். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஈரம் காயாத பாவாடையைப் பார்த்தார்.

"நனைஞ்சுட்டீங்களேம்மா. உக்காருங்க, பஸ் வந்துடும்."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். அவர் ஒரு பழத்தைப் பிட்டு, கொட்டையை எறிந்துவிட்டு அவளிடம் நீட்டினார். பிறகு சாலிகாவிடம் விட்ட கதையைத் தொடர்ந்தார்.

"அதான் சொன்னேனே, காலையிலேருந்து ஒரு பொம்பள என்னை வெயில்ல இழுத்துக்கிட்டே திரிஞ்சா. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு நானும் சொல்றேன். காதுலயே வாங்கல. பாடு பாடுன்னு உலுக்குறா. எப்படியோ தப்பிச்சு வந்துட்டேன்."

சாலிகா எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ இனிமே உங்களை இழுக்க மாட்டா" என்றாள் அக்கா.

"கெட்டவ இல்ல" என்று யோசித்துச் சொன்னார் அத்தான். "என்னமோ அவசரம் அவளுக்கு."

அதே வேனில் கரகோலுக்குத் திரும்பினோம். அத்தான் முன்சீட்டில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் கையைக் காட்டினார். பின்னால் அக்கா சாலிகாவின் போர்வையைச் சுற்றிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். ஏரி முழுக்க இன்னும் வெளிச்சம் இருந்தது.

"பூபுஷ்."

"சொல்லுக்கா."

"அவரு உன்கூடப் போயிட்டாருன்னு நினைச்சேன்ல. அப்ப எப்படி இருந்துது தெரியுமா? அவ்வளவு நல்லா இருந்துது. எர்னிஸ் எனக்காகவே பாடுற மாதிரி. அவரு ஞாபகமே இல்லடி எனக்கு. அவரு இல்லாத அந்தப் பத்து நிமிஷம் நான் உசிரோட இருந்தேன். அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல."

நானும் அவர் தோளைத் தொட்டதை அவளிடம் சொன்னேன். அவள் என் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

அத்தான் அதற்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வசந்தம் வருவதற்குள் பாட்டும் போய்விட்டது. ரேடியோ பாடினால் யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தார்.

இந்த ஜூலையில் அவளை நான்தான் வம்பு பண்ணி விழாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாளும் அத்தானை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். போகவே மாட்டேன் என்றவள் கடைசியில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். முதல் நாள் மாலையே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"என்னக்கா, அதுக்குள்ள வந்துட்ட? பாட்டு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் பாடினாங்க. ரெண்டு பாட்டு நின்னு கேட்டேன்" என்றாள். தலைத்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "அவரு சாப்பிட்டாரா?"

இன்னும் இல்லை என்றேன். அவள் கைகழுவப் போனாள்.